ஜாக்கெட் பிட்டும் ஜப்பான் முடிச்சும்

போன தை மாசம் அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் நான்தான். கொங்குப் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு நான் அப்போது இருந்த நிலைமை புரியும். குலதெய்வக் கோயிலுக்கு மேளத்தோடு பதினைந்து தட்டு போக வேண்டும். பழம், தேங்காய், வெல்லம், மாலை, பட்டுப் பாவாடை, கொலுசு என்று ஒவ்வொன்றும் ஒரு தட்டு. இப்போதைய வழக்கப்படி ஒவ்வொரு தட்டுக்கும் பளபளவென்று செலஃபன் தாள் சுற்றி, மேலே ரிப்பனில் பூ வைத்துக் கட்ட வேண்டும்.

அதற்கு முந்தின வருசம் இன்னொரு சொந்தக்காரர் வீட்டுச் சீர் முடிந்த மறுநாள் மண்டபத்துக்குப் பின்னால் போயிருந்தேன். கிழித்துப் போட்ட தாள் ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. சீர் சுமந்து வந்த நேரம் அரை மணி. அந்தத் தாள் கிடக்கப் போகும் காலம் நம் பேரப்பிள்ளைகளைத் தாண்டும். செலஃபன் என்று சொல்கிறோமே தவிர, உண்மையான செலஃபன் மரக்கூழிலிருந்து செய்வது, மண்ணில் மக்கிவிடும். அந்தப் பேரில் இன்று கடைகளில் விற்பது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், சுத்தமான பிளாஸ்டிக்.

அதனால் துணியில் கட்டலாம் என்று யோசனை வந்தது. தேடியபோது இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று ஜப்பானின் ஃபுரோஷிகி. இன்னொன்று கொரியாவின் போஜாகி. இரண்டு மாசம் காடாத் துணியை வைத்துக்கொண்டு இரண்டையும் பழகினேன். அப்படிக் கற்றுக்கொண்டது, சொதப்பியது, நடுவில் எங்கள் அம்மாயி சொன்ன ஒரு வார்த்தை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

குளியலறையில் விரித்த துணி

ஃபுரோ என்றால் குளியல். ஷிகி என்றால் விரிப்பது. குளியல் விரிப்பு என்ற பெயர் பரிசு கட்டும் துணிக்கு எப்படி வந்தது?

துணியில் பொதிந்து வைக்கும் பழக்கம் ஜப்பானில் அந்தப் பெயரைவிடப் பழையது. நாரா நகரத்தில் ஷோசோயின் என்றொரு கருவூலம் இருக்கிறது. 756-ல் ஷோமு பேரரசர் இறந்த பிறகு அவருடைய பொருள்களை மகாராணி கோமியோ தோதாய்ஜி கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அவற்றைப் பாதுகாத்து வைத்த இடம் அது. அங்கே பொருள்களைச் சுற்றி வைத்த துணிகளும் இன்றுவரை இருக்கின்றன. அந்தத் துணிக்கு அப்போது த்சுத்சுமி என்று பெயர். நம் வார்த்தையில் சொன்னால் 'பொதி'.

குளியல் கதை பின்னால் வருகிறது. முரோமாச்சி காலத்தில் ஷோகன் அஷிகாகா யோஷிமிட்சு பெரிய குளியலகம் கட்டி, பிரபுக்களை அழைத்தார் என்பார்கள். எல்லோர் உடுப்பும் ஒரே இடத்தில் கிடந்தால் மாறிப்போகுமே! அதனால் அவரவர் குடும்பச் சின்னம் போட்ட துணியில் உடுப்பைக் கட்டி வைத்தார்கள், குளித்து வந்து அதே துணியை விரித்து அதன் மேல் நின்று உடுத்தினார்கள். எடோ காலத்தில் பொதுக் குளியலகங்கள் பெருகியபோது இந்தப் பழக்கம் சாதாரண ஜனங்களுக்கும் வந்தது. வியாபாரிகள் அதிலேயே சரக்கைக் கட்டி முதுகில் சுமந்து ஊர் ஊராகப் போனார்கள். பச்சைத் துணியில் வெள்ளைக் கொடி சுருண்டு ஓடும் ஒரு வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். கராகுசா என்று பெயர். ஜப்பான் கார்ட்டூன்களில் திருடன் முதுகில் இருக்கிற மூட்டை அதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதப் பையும் பிளாஸ்டிக் பையும் வந்து ஃபுரோஷிகியை ஓரம் கட்டின. 2006-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கோய்கே, பழைய பெட் பாட்டிலிலிருந்து செய்த இழையில் ஒரு துணியைத் தயாரித்து 'மொத்தாய்நாய் ஃபுரோஷிகி' என்று பெயர் வைத்தார். மொத்தாய்நாய் என்பது 'அய்யோ, வீணாப் போகுதே' என்கிற மனசு. சோறு கீழே சிந்தினால் நம் பாட்டிமார் பதறுவார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு மஞ்சப்பை ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குக்கு 1 ஜனவரி 2019 முதல் தடை. 23 டிசம்பர் 2021-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள். ஜப்பானிலும் இதே கதைதான். கிழவிகள் தூக்கும் மூட்டை என்று ஒதுக்கிய துணியை மறுபடியும் மரியாதையான பொருளாக்க ஓர் அமைச்சர் தேவைப்பட்டிருக்கிறார்.

அதிர்ஷ்டம் சிந்தாமல் கட்டுவது

கொரியாவின் போஜாகிக்கு வேறு முகம். பொருளைப் பொதிந்தால் அதற்குள் 'போக்', அதாவது நல்வாழ்வும் அதிர்ஷ்டமும், சிந்தாமல் நிற்கும் என்று நம்புகிறார்கள். ஜோசொன் அரச காலத்தில், 1392 முதல் 1910 வரை, அரண்மனையிலிருந்து குடிசை வரைக்கும் போஜாகி இருந்தது. சாப்பாட்டு மேசையை மூட ஒன்று, படுக்கையைச் சுருட்டிக் கட்ட ஒன்று, கல்யாணப் பரிசுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்.

அதில் எனக்குப் பிடித்தது ஜோகாக்போ. உடுப்பு தைத்து மிஞ்சிய துண்டுகளை வீசாமல் ஒன்றோடொன்று ஒட்டித் தைத்த துணி. தைத்த பெண்களில் பெரும்பாலோர் பெயர் யாருக்கும் தெரியாது. ஹுஹ் தோங்-ஹ்வா என்ற சேகரிப்பாளர் இந்தத் துணிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துக் காப்பாற்றினார். அவருடைய சேகரிப்பு இப்போது சியோல் கைவினை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெல்லிய துணியில் தைத்த ஜோகாக்போவை ஜன்னலில் தொங்கவிட்டால் வெளிச்சம் ஊடுருவி, தையல் மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும். பின்பக்கம் பிசிறே இருக்காது. ஓரத்தை மடித்து இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தைப்பார்கள்.

அந்த மெல்லிய விறைப்பான பட்டு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். நம் கோரா! பட்டு இழை மேல் இயற்கையாகவே ஒரு பசை இருக்கும். காய்ச்சி அந்தப் பசையை எடுத்தால் வழவழப்பான பட்டு. எடுக்காமல் விட்டால் விறைப்பான, கண்ணாடி போன்ற கோரா. புவிசார் குறியீடு வாங்கிய கோவை கோரா காட்டன் சேலையில் பருத்தியோடு சேர்வது இந்தப் பசை நீக்காத பட்டுதான். கொரியாக்காரர்கள் போஜாகிக்கு எடுக்கும் நோபாங் பட்டும் அதே ரகம். விறைப்பு இருப்பதால்தான் முடிச்சின் நுனிகள் பூவிதழ் மாதிரி எழும்பி நிற்கின்றன. வழவழ பட்டில் கட்டினால் அந்தப் பூ பத்து நிமிசத்தில் வாடிவிடும்.

ஒரே ஒரு முடிச்சு

சரி, கட்டுவதற்கு வருவோம். ஃபுரோஷிகியில் எத்தனையோ கட்டுகள் இருந்தாலும் அடிப்படை முடிச்சு ஒன்றேதான். மா-முசுபி, 'மெய்யான முடிச்சு'.

இடது நுனியை வலது நுனி மேல் போட்டு ஒரு சுற்று சுற்றுங்கள். மேலே போன நுனி இப்போது வலப்பக்கம் வந்திருக்கும். அதே நுனியை மறுபடியும் மற்றதன் மேல் போட்டு இன்னொரு சுற்று. இழுங்கள். இரண்டு நுனிகளும் முடிச்சின் இருபுறமும் காது மாதிரி பக்கவாட்டில் படுத்திருந்தால் சரி.

பழக்க தோஷத்தில் இரண்டாவது சுற்றுக்கு வேறு நுனியை மேலே போட்டுவிட்டால் காதுகள் மேலும் கீழுமாக நிற்கும். அது பொய் முடிச்சு. பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும். பாரம் ஏறி ஆடினால் மெல்ல நழுவும். ஜப்பானில் நின்ற முடிச்சு அபசகுனமும்கூட. சகுனம் கிடக்கட்டும், அந்த முடிச்சின் பலனை நான் எப்படி அனுபவித்தேன் என்று பின்னால் சொல்கிறேன்.

மெய்யான முடிச்சின் அழகு அவிழ்ப்பதில் இருக்கிறது. ஒரு காதைப் பிடியுங்கள். அந்தக் காது எந்த மூலையைச் சேர்ந்ததோ அந்தத் துணியை இன்னொரு கையால் பிடித்து, இரண்டையும் நேர்கோடாக வெடுக்கென்று இழுங்கள். முடிச்சு அப்படியே உருமாறி, மற்ற நுனி இதன் மேல் ஒரு வளையமாக நிற்கும். உருவினால் வந்துவிடும். பத்து கிலோ தூக்கின முடிச்சு நகம் வைக்காமல் இரண்டு நொடியில் அவிழ்கிறது.

முடிச்சு வந்துவிட்டால் இரண்டு கட்டு போதும்.

முதலாவது சாதாரணப் பெட்டிக்கு. துணியை வைர வடிவில் விரித்து நடுவில் பெட்டியை வையுங்கள். உங்கள் பக்கத்து மூலையைப் பெட்டி மேல் போட்டு நுனியை அடியில் செருகுங்கள். எதிர் மூலையை அதன் மேல் இழுத்து மூடுங்கள். மிச்சமிருக்கும் இடது, வலது மூலைகளை மேலே தூக்கி மெய்யான முடிச்சு.

இரண்டாவது உருண்டைப் பொருளுக்கு. ஜப்பானில் இதற்குத் தர்பூசணிக் கட்டு என்றே பெயர். பக்கத்துப் பக்கத்து மூலைகள் இரண்டைச் சேர்த்து ஒரு முடிச்சு, மற்ற இரண்டைச் சேர்த்து ஒரு முடிச்சு. இரண்டு வளையம் கிடைக்கும். ஒரு வளையத்தை மற்றதற்குள் நுழைத்து மேலே இழுத்தால் கைப்பிடியோடு பை ரெடி. தேங்காய், பூசணி, சொம்பு எதுவும் அடங்கும்.

இன்னொரு விஷயம். நெய்த துணியைப் பாவு வழியாகவோ ஊடை வழியாகவோ இழுத்தால் நீளாது. மூலைவாக்கில் இழுத்தால் கொடுக்கும். ஃபுரோஷிகியில் பாரம் முழுக்க மூலைவாக்கில்தான் விழுகிறது. அதனால் துணி கொஞ்சம் நீண்டு பொருளை அணைத்துப் பிடிக்கிறது. காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பனியன் துணியில் முயற்சி செய்தேன். எல்லாப் பக்கமும் இழுபட்டு, தேங்காய் முழங்கால் வரை தொங்கியது. பின்னலாடை உடம்புக்கு நல்லது, மூட்டைக்கு ஆகாது.

எவ்வளவு பெரிய துணி?

பொருளின் நீளத்தைப் போல மூன்று மடங்கு துணியின் மூலைவிட்டம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 50 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மூலைவிட்டம் சுமார் 71. ஆக 23 சென்டிமீட்டர் பெட்டி வரை. 75 சதுரம் என்றால் 35 வரை. 90 சதுரம் என்றால் 42 வரை.

ஜப்பானில் பரிசுக்குப் பரவலாக எடுப்பது 70 சென்டிமீட்டர் அளவு. அதற்குத் துணி வாங்க ஒப்பணக்கார வீதிக்குப் போனேன். கடைக்காரர், 'எத்தனை மீட்டருங்க?' என்றார். 'எழுவது சென்டிமீட்டர், சதுரமா' என்றதும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்து அலமாரியைக் காட்டி, 'ஜாக்கெட் பிட் இருக்குதுங்க, அது ஆகுமா?' என்று கேட்டார்.

நின்ற இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஜாக்கெட் பிட் 80 சென்டிமீட்டர் நீளம், அகலம் அதைவிடக் கொஞ்சம் கூட. கிட்டத்தட்ட சதுரம். ஃபுரோஷிகியும் கச்சிதமான சதுரம் இல்லை, ஒரு பக்கம் சற்று நீளமாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுக்கும் ஜாக்கெட் பிட் தைக்கப்படுவது அபூர்வம் என்று எல்லோருக்கும் தெரியும். நவராத்திரிக்கு வந்தது வளைகாப்புக்குப் போகும், அங்கிருந்து கிரகப்பிரவேசத்துக்குப் போகும். கொடுத்தவருக்கே திரும்பி வந்த கதைகளும் உண்டு. அதை வைத்து ஜோக் அடிக்கிறோம். ஆனால் யோசித்தால், வீடு வீடாகச் சுற்றி வருகிற பரிசுத் துணி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தட்டில் மடித்து வைக்கிறோம். விரித்துத் தேங்காயையும் மஞ்சளையும் அதற்குள்ளேயே கட்டலாம் என்பது மட்டும்தான் தோன்றவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 30-க்கு 60 அங்குலம் உள்ள ஈரிழைத் துண்டை நடுவில் வெட்டினால் 75 சென்டிமீட்டர் சதுரம் இரண்டு. வெட்டின ஓரத்தை மட்டும் மடித்து அடித்தால் போதும்.

அம்மாயி சொன்னது

பழகின கட்டுகளை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் அம்மாயி வீட்டுக்குப் போனேன். வயசு எண்பத்தி நாலு. வாசல் திண்ணையில் உட்கார வைத்து, கைபேசியில் காணொளி எல்லாம் காட்டி, ஒரு தேங்காயைத் தர்பூசணிக் கட்டுக் கட்டிக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

'ஏங்கண்ணு, பொட்டணம் கட்டறதுக்கு ஜப்பான்காரன் வந்து சொல்லித் தரோணுமாக்கு?'

பிறகு என் கையிலிருந்த துணியை வாங்கி, தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோகும் கட்டைக் கட்டிக் காட்டினார். தூக்குப்போசியை நடுவில் வைத்து, எதிரெதிர் மூலைகளை ஒரு ஜோடியாக முடிந்து, மற்ற ஜோடியை அதற்கு மேலே குறுக்காக முடிந்தார். ஜப்பானில் இதற்கு யோத்சு-முசுபி, 'நான்கு முடிச்சு' என்று பெயர், அங்கே சாப்பாட்டுப் பெட்டி கட்டுவதும் இப்படித்தான். முடிச்சைப் பார்த்தேன். காதுகள் இரண்டும் பக்கவாட்டில் படுத்திருந்தன. மெய்யான முடிச்சு! 'எப்படி அம்மாயி அவுக்கறது?' என்றேன். ஒரு காதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். உருவிக்கொண்டு வந்துவிட்டது.

'பல்லுல கடிச்சு அவுக்கற மாதிரி முடிச்சுப் போட்டா பசிச்சவன் என்ன பண்ணுவான்?' என்றார்.

நாம் கட்டாத மூட்டையா? கோவை மில்லுகளில் ஷிஃப்டுக்குப் போனவர்கள் துணியில் கட்டின தூக்குப்போசியோடுதான் போனார்கள். எங்கள் பக்கம் கர்ப்பிணிப் பெண்ணுக்கு வைக்கும் விருந்துக்கே கட்டுச்சோறு என்றுதான் பெயர். காசு முந்தானை முடிச்சில் இருந்தது. குழந்தையைச் சேலையில் தூளி கட்டி வேப்ப மரத்தில் தொங்கவிட்டு, தாய் நிம்மதியாகக் களை எடுத்தாள். ஒரு முடிச்சின் மேல் இதைவிட என்ன நம்பிக்கை வைக்க முடியும்? புலவர்களுக்குக் கொடுத்த பொற்கிழியும் ஒரு துணிக் கட்டுதான். கிழி என்றால் கிழித்த துணி. தருமிக்காகச் சொக்கநாதர் பாட்டு எழுதிக் கொடுத்தது ஒரு துணி முடிச்சுக்குள் இருந்த ஆயிரம் பொன்னுக்காக. பணமுடிப்பு என்ற வார்த்தை இன்றைக்கும் பாராட்டு விழா நோட்டீசில் இருக்கிறது, உள்ளே இருப்பது காசோலை என்றாலும்.

வித்தியாசம் எங்கே என்றால், ஜப்பானில் ஒவ்வொரு கட்டுக்கும் பெயர் வைத்தார்கள், படம் போட்டார்கள், வகுப்பு நடத்தினார்கள். நம்மிடம் பொட்டணம், மூட்டை, முடிப்பு, கிழி, தூளி என்று பெயர் இருக்கிறது. எப்படிக் கட்டுவது என்பது மட்டும் அம்மாயி கையில் இருக்கிறது. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பழகியது. நான் பார்க்கவில்லை. என் காலத்தில் டிபன் கேரியரும் ஜிப் வைத்த பையும் வந்துவிட்டன.

மூன்று முடிச்சும் முடிச்சில்லாக் கட்டும்

கொரியாவில் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு 'ஹாம்' என்றொரு பெட்டியை அனுப்புவார்கள். நம் நிச்சயத்துச் சீர் மாதிரி. சிவப்பும் நீலமும் சேர்ந்த போஜாகியில் அதைப் பொதிவார்கள். ஆனால் முடிச்சுப் போட மாட்டார்கள். நுனிகளைச் சேர்த்து ஒரு காகிதப் பட்டையால் கவ்வி விடுவார்கள். புதுக் குடித்தனத்தில் சிக்கல் இல்லாமல் எல்லாம் சுலபமாக அவிழ வேண்டும் என்பது எண்ணம்.

நாமோ கல்யாணத்தில் மூன்று முடிச்சு போடுகிறோம், அதுவும் அவிழவே கூடாதென்று. ஒரே முடிச்சு, ஒருவருக்குச் சிக்கல், இன்னொருவருக்குப் பந்தம்.

ஒத்துப்போகும் இடங்களும் இருக்கின்றன. ஜப்பானில் கல்யாணத்துக்குப் பணம் வைத்தால் இரண்டாகப் பிரியாத ஒற்றைப்படையாக வைப்பார்கள். நாம் 101, 501, 1001 என்று மொய் எழுதுகிறோம். பணக் கவரை ஃபுகுசா என்ற சின்னத் துணியில் மடித்து எடுத்துப் போவார்கள். சுபத்துக்கு வலப்பக்கம் திறக்கும் மடிப்பு, துக்கத்துக்கு இடப்பக்கம். ஊதா நிறம் இரண்டுக்கும் ஆகும். ஃபுரோஷிகியில் பரிசு கொண்டுபோனால், முறையாகச் செய்கிறவர்கள் அங்கேயே அவிழ்த்துப் பொருளை மட்டும் கொடுத்துவிட்டு, துணியை மடித்துத் திரும்ப எடுத்து வருவார்கள். துணியோடு கொடுத்தால் வாங்கியவர் பிறகு அதில் சின்னதாக ஏதாவது வைத்துத் திருப்பித் தரும் வழக்கமும் உண்டு. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தரணும் என்று நம் அம்மாக்கள் சொல்வது இதேதான்.

காதுகுத்து அன்று

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி கேட்ட கேள்விக்கு எந்த ஜப்பான் காணொளியிலும் பதில் இல்லை.

'ஏனுங்க, துணியில மூடிக் கொண்டுபோனா உள்ள என்ன இருக்குதுன்னு சனத்துக்கு எப்படித் தெரியும்? மாமன் ஒரு காயிதம் சுத்தக் கஞ்சப்பட்டுட்டான்னு பேச மாட்டாங்களா?'

நியாயமான கேள்வி. ஃபுரோஷிகி மறைப்பதற்கு. நம் சீர் காட்டுவதற்கு. மாமன் என்ன கொண்டு வந்தான் என்று ஊரே பார்க்க வேண்டும், அதற்குத்தான் மேளம். தாள் அழகுக்காக மட்டும் இல்லை, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிவதற்காகவும்தான் வந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் 'பிளாஸ்டிக் கெடுதல்' என்று மட்டும் பேசினால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசியில் பங்கு பிரித்தோம். தேங்காய், வெல்லம், அரிசி, மஞ்சள் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த பொருள்களுக்கு ஜாக்கெட் பிட். உள்ளே என்ன என்று கட்டின வடிவமே சொல்லிவிடும். பட்டுப் பாவாடை, கொலுசுத் தட்டுகளுக்கு, வீட்டிலிருந்த பழைய கோராச் சேலை ஒன்றின் நல்ல பாகத்தைச் சதுரமாக வெட்டி மேலே போர்த்தி, நாலு நுனியையும் கொரியக்காரர்கள் பாணியில் சேர்த்துக் கட்டி பூ மாதிரி விரித்தோம். உள்ளே இருப்பது நிழலாடியது. பழத் தட்டுகளையும் மாலையையும் எதுவும் சுற்றாமல் அப்படியே வைத்தோம். அக்காவின் மாமியார் வீட்டார் மனசு கோணக் கூடாதென்று மூன்று தட்டுக்கு மட்டும் வழக்கம்போலத் தாள்.

மேளம் அடித்துக் கிளம்பினோம். கோயிலுக்கு நூறடி இருக்கும்போது என் சின்னப் பையன் தூக்கி வந்த தேங்காய்ப் பொட்டணம் அவிழ்ந்து, தேங்காய் தார் ரோட்டில் உருண்டது. தவில்காரர் காலடியில் போய் நின்றது. அவசரத்தில் கடைசியாகக் கட்டினது அது. எடுத்துப் பார்த்தேன், காதுகள் மேலும் கீழுமாக நின்றன. பொய் முடிச்சு. கட்டினது நான்தான். அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. துணியை வாங்கி, தேங்காயைத் துடைத்து வைத்து, நடந்துகொண்டே கட்டிக் கொடுத்துவிட்டார்.

யாராவது கஞ்சன் என்று பேசினார்களா? பேசியிருப்பார்கள். ஆனால் பந்தி முடிந்ததும் இரண்டு பேர் அக்காவிடம் வந்து, அந்தப் பூக் கட்டு எப்படிக் கட்டினது என்று கேட்டார்களாம். ஜாக்கெட் பிட்டுகளை அக்கா மடித்து வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் மண்டபத்தில் கூட்டிப் பெருக்கக் கிடந்தது மூன்று தட்டின் தாள் மட்டும்.

போன வாரம் அக்கா வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. பச்சை ஜாக்கெட் பிட்டில் கட்டி, மேலே முடிச்சு. காதுகளைப் பார்த்தேன். பக்கவாட்டில் படுத்திருந்தன. முறுக்கை எடுத்துக்கொண்டு, தோட்டத்துச் சுண்டைக்காய் நாலு பிடி போட்டு, திருப்பிக் கட்டி அனுப்பினேன்.

அடுத்த தடவை பொள்ளாச்சி போகும்போது அம்மாயியிடம் மிச்சக் கட்டுகளையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சந்தைக்குப் பருத்தி கொண்டுபோன பொதி, விதை கட்டி வைக்கிற முடிப்பு, சும்மாடு சுருட்டுவது எல்லாம் இருக்கிறதாம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கை இருந்தால், ஒரு துண்டைக் கொடுத்துக் கட்டச் சொல்லிப் பாருங்கள். காது எந்தப் பக்கம் படுக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.